எட்டாம் இடத்தில் ஓர் ஆக்ஸிஜன்

வீட்டில் யாருக்காவது ஐம்பது வயது தாண்டிவிட்டால் போதும், ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' (ஆக்ஸிஜன் செய்யும் சேதத்தைத் தடுப்பதாகச் சொல்லப்படும் பொருள்) என்ற சொல் உள்ளே நுழைந்துவிடுகிறது. டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டின் கடைசி வரியில் ஒரு மாத்திரை, வாட்ஸ்அப்பில் வந்த மாதுளம்பழப் படம், யாரோ வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த கிரீன் டீ. நான் உயிர்வேதியியல் படித்தவள், கல்லூரியில் அதையே சொல்லிக்கொடுக்கிறேன் என்பதால் சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள்: "இதைச் சாப்பிட்டா செல்லு கெடாதாமே, கேன்சர் வராதாமே, நிஜமா?" கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி இல்லை அது. அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

ஆக்ஸிஜன் நம் டி.என்.ஏ.வைக் கெடுக்கிறது என்பது நிஜம். அதை மாத்திரை போட்டுத் தடுத்துவிடலாம் என்பதுதான் நிஜமில்லை. சேதம் நடந்துகொண்டேதான் இருக்கும். செல்லுக்குள் அதைத் தேடிப் பிடித்துச் சரிசெய்கிற என்சைம்கள், அதாவது வேதிவேலை செய்யும் புரதங்கள், இருக்கின்றன, நாம் பிழைத்திருப்பது அவற்றின் தயவில். இந்தப் பழுதுபார்க்கும் வேலையைப் பற்றி நம் ஊரில் யாருமே பேசுவதில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம், ஏனென்றால் உயிரியலில் எனக்குத் தெரிந்த மிக அழகான கதைகளில் அது ஒன்று.

முதலில் அடி எப்படி விழுகிறது என்று பார்ப்போம். நாம் இழுக்கும் மூச்சில் உள்ள ஆக்ஸிஜன் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய், நான்கு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு தண்ணீராக மாறவேண்டும். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் வழியில் சில எலக்ட்ரான்கள் கசிந்து, ஒன்றே ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்ட ஆக்ஸிஜன் வெளியே வந்துவிடும். அதற்குப் பெயர் சூப்பராக்சைடு. 1969-இல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃபிரிடோவிச்சும் இதை அடக்குவதற்கென்றே உடம்பில் ஒரு என்சைம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த என்சைம் சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும், அந்தப் பெராக்சைடைக் கேட்டலேஸ் போன்ற வேறு என்சைம்கள் தண்ணீராக்கும். இதுவரை பயப்பட ஒன்றுமில்லை. சிக்கல் இரும்பிடம் இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு கட்டவிழ்ந்து கிடக்கும் இரும்பு அயனியைச் சந்தித்தால் உடைந்து ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற ஒன்று, பக்கத்தில் எது இருந்தாலும் அதோடு வினைபுரியத் துடிக்கும் ஒரு மூலக்கூறுத் துண்டு, பிறக்கிறது. இந்த இரும்பு-பெராக்சைடு வினை பற்றி கேம்பிரிட்ஜில் ஹென்றி ஃபென்டன் 1894-லேயே எழுதியிருக்கிறார். அவர் அதை டார்டாரிக் அமிலத்தில் பார்த்தார், நம் புளிக்குப் புளிப்பைத் தருகிற அதே அமிலம். அந்த வினை நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நடக்கக்கூடியது என்று உலகம் புரிந்துகொள்ள இன்னும் அறுபது வருஷம் ஆயிற்று. 1954-இல் ரெபேக்கா கெர்ஷ்மன் என்ற அர்ஜென்டினப் பெண் விஞ்ஞானி, அமெரிக்காவின் ராச்செஸ்டரில் இருந்தபோது, அதிக அழுத்த ஆக்ஸிஜன் உயிரைக் கொல்வதும் எக்ஸ்ரே கொல்வதும் ஒரே வழியில்தான், இரண்டிலும் இந்த ராடிக்கல்கள்தான் வேலை செய்கின்றன என்று எழுதினார். அந்தப் பெயரை எத்தனை பாடப்புத்தகம் சொல்கிறது? நான் படித்தபோது சொல்லவில்லை.

இந்த ஹைட்ராக்சில் ராடிக்கலைப் பற்றி ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். அதன் ஆயுள் சுமார் ஒரு நானோ நொடி, அதாவது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதற்குள் அது போகக்கூடிய தூரம் சில நானோமீட்டர்தான். டி.என்.ஏ. இழையின் அகலமே இரண்டு நானோமீட்டர். அப்படியானால் டி.என்.ஏ.வைத் தாக்கும் ராடிக்கல் எங்கிருந்தோ நீந்தி வருவதில்லை, டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இரும்பின் பக்கத்தில், அங்கேயே பிறந்து அங்கேயே அடிக்கிறது.

அடி யாருக்கு? டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் எலக்ட்ரானை மிகச் சுலபமாகப் பறிகொடுப்பது குவானின். மற்ற மூன்றும் (அடினின், சைட்டோசின், தைமின்) கெடாமல் இல்லை, ஆனால் ஆக்ஸிஜனேற்றம் என்று வந்தால் அதிகம் மாட்டிக்கொள்வது இதுதான். குவானின் இரண்டு வளையங்கள் ஒட்டிய மூலக்கூறு. அதன் அணுக்களுக்கு எண் போட்டுக்கொண்டே வந்தால் எட்டாம் இடத்தில் ஒரு கார்பன் இருக்கும், அதில் ஒரு ஹைட்ரஜன். அடிபட்டபின் அந்த எட்டாம் இடத்தில் ஓர் ஆக்ஸிஜன் வந்து உட்கார்ந்துகொள்கிறது, ஏழாம் இடத்து நைட்ரஜன் புதிதாக ஒரு ஹைட்ரஜனைப் பெறுகிறது. மாற்றம் அவ்வளவுதான். இதற்குப் பெயர் 8-ஆக்ஸோகுவானின்.

இதைக் கண்டுபிடித்த கதை டோக்கியோவில் நடக்கிறது. அங்குள்ள தேசியப் புற்றுநோய் மையத்தின் ஆய்வகத்தில் 1970-களிலிருந்தே ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது: சுட்ட மீனிலும் வறுத்த உணவிலும் டி.என்.ஏ.வைக் கெடுக்கிற பொருள்கள் உண்டா? ஹிரோஷி கசாயும் சுசுமு நிஷிமுராவும் அந்த வழியில் போய், சூடாக்கிய சர்க்கரை குவானினை என்ன செய்கிறது என்று பார்த்தபோதுதான் இந்த எட்டாம் இடத்து ஆக்ஸிஜன் கண்ணில் பட்டது. 1984-இல் அவர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே இன்னொரு பொருளின் பெயர் இருக்கிறது: அஸ்கார்பிக் அமிலம். வைட்டமின் சி! சோதனைக் குழாயில் டிஆக்ஸிகுவானோசினோடு (சர்க்கரையோடு சேர்ந்த குவானின்) வைட்டமின் சி-யைச் சேர்த்து ஆக்ஸிஜன் படும்படி வைத்தால் 8-ஆக்ஸோகுவானின் உண்டாகிறது என்பது அந்தக் கட்டுரையின் செய்தி. காரணம் எளிது. வைட்டமின் சி எலக்ட்ரானைக் கொடுக்கும் பொருள். நல்லவர் கெட்டவர் பார்க்காமல் கொடுக்கும். ஆக்ஸிஜனுக்கும் கொடுக்கும், வினை முடிந்து ஓய்ந்துபோன இரும்புக்கும் கொடுத்து அடுத்த சுற்றுக்குத் தயார் செய்துவிடும்.

உடனே நெல்லிக்காயைத் தூக்கிப்போட வேண்டாம். உடம்பு சோதனைக் குழாய் இல்லை, அங்கே இரும்பைப் புரதங்கள் பூட்டி வைத்திருக்கின்றன. வைட்டமின் சி இல்லாவிட்டால் ஈறு ரத்தம் கசிந்து ஸ்கர்வி வரும். நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு பொருளின் மேல் 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்று முத்திரை குத்திவிட்டால் அது எந்த இடத்திலும் எந்த அளவிலும் நல்லதையே செய்யும் என்று நம்புவது வேதியியல் ஆகாது.

சரி, ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரைகளை மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள், மிகப் பெரிய அளவில், நல்ல எண்ணத்தோடு. பின்லாந்தில் 1985-இல் தொடங்கிய ஆய்வில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர், வயது 50 முதல் 69. சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் (கேரட்டுக்கு நிறம் தரும் பொருள்), சிலருக்கு இரண்டும், சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. ஐந்து முதல் எட்டு வருஷம் தொடர்ந்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. குறையும் என்று எதிர்பார்த்தது கூடிவிட்டது. இதே மாதிரி அமெரிக்காவில், புகைபிடித்தவர்களும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களுமாக 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் கொடுத்துப் பார்த்த ஆய்வை 1996 ஜனவரியில், முடிய வேண்டிய காலத்துக்கு 21 மாதம் முன்னாலேயே நிறுத்த வேண்டியதாயிற்று, அங்கே நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் அதிகம். அப்புறம் 35,533 ஆண்களிடம் வைட்டமின் ஈ-யும் செலினியமும் புரோஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்த்தார்கள். 2011-இல் வந்த கணக்குப்படி வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களிடம் அந்தப் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதல்.

இந்த எண்களை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தில் ஒரு திகைப்பு வரும். நியாயமான திகைப்பு. ஆனால் முன்னே சொன்ன ராடிக்கலின் ஆயுளை நினைத்துப் பாருங்கள். ஒரு நானோ நொடி வாழ்ந்து சில நானோமீட்டருக்குள் அடித்துவிட்டு மறையும் ஒன்றை எந்த வைட்டமின் குறுக்கே விழுந்து தடுக்கும்? குவானின்கள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வைட்டமின் மூலக்கூறு காவல் நின்றால்தான் உண்டு. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்த ஆக்ஸிஜன் வகையறாக்கள் உடம்புக்குத் தேவையும் கூட. நம் வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கியதும் வேண்டுமென்றே சூப்பராக்சைடைத் தயாரித்து அதன்மேல் கொட்டுகின்றன. அதைத் தயாரிக்கும் என்சைமில் பிறவிக் குறை உள்ள குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கடும் தொற்று வரும், சீழ்க்கட்டி வரும். மூன்றாவது, புற்று செல்லையும் இந்த ஆக்ஸிஜன் வகையறாக்கள் தாக்கி நெருக்குகின்றன. ஸ்வீடனின் கோதன்பர்க்கில் நடந்து 2014-இல் வெளியான எலி ஆய்வில், ஏற்கெனவே நுரையீரலில் கட்டி தொடங்கியிருந்த எலிகளுக்கு வைட்டமின் ஈ-யும் என்-அசிட்டைல் சிஸ்டீன் என்ற இன்னோர் ஆன்டி ஆக்ஸிடன்டும் கொடுத்தபோது கட்டிகள் இன்னும் வேகமாக வளர்ந்தன. நல்ல செல்லுக்குக் கொடுத்த நிழல் கெட்ட செல்லுக்கும் விழுந்துவிடுகிறது. புகைபிடிப்பவர் கட்டியின் தொடக்கத்தை ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கக்கூடியவர். அவரிடம் போய் "சிகரெட்டை விட முடியலைன்னா இந்த மாத்திரையாவது போடுங்க சார்" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இனி, ஒரு செல்லில் இப்படிக் கெட்டுப்போன குவானின்கள் எத்தனை என்ற கேள்வி. இதற்கு விடை கண்டுபிடிக்கப் பட்ட பாடு தனிக் கதை, ஆய்வகத்தில் நின்றவர்களுக்கு நன்றாகப் புரியும்.

ரத்தத்திலிருந்து டி.என்.ஏ. எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? செல்லைச் சோப்பு போன்ற கரைசலில் உடைத்து, ஃபீனாலும் குளோரோஃபார்மும் சேர்த்துக் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றவிடுவோம். கீழே ஃபீனால், நடுவில் வெள்ளைத் தோலாகப் புரதம், மேலே தெளிந்த தண்ணீர். அந்த மேல் தண்ணீரை, நடுத்தோலைத் தொடாமல், பிப்பெட்டால் மெல்ல உறிஞ்சி எடுத்துக் குளிர்ந்த ஆல்கஹாலில் விட்டால் இரண்டும் சேருமிடத்தில் வெள்ளை இழையாக டி.என்.ஏ. திரண்டு வரும், கண்ணாடிக் குச்சியில் சுற்றி எடுக்கலாம். பார்த்த யாருக்கும் மறக்காது. ஆனால் இந்த ஃபீனால் இருக்கிறதே, அது பாட்டிலில் இருக்கும்போதே காற்றுப் பட்டு இளஞ்சிவப்பாகிவிடும். நிறம் மாறிய ஃபீனாலைத் தொடக்கூடாது என்பது எங்களுக்கு முதல் வாரமே சொல்லித்தரப்பட்ட பாடம், ஏனென்றால் நிறம் மாறியது என்றால் அதுவே ஆக்ஸிஜனேற்றம் அடைந்துவிட்டது, உள்ளே போடும் டி.என்.ஏ.வையும் கெடுக்கும். நிறம் மாறாத ஃபீனாலிலும் முழு நிம்மதி இல்லை. குலுக்கும்போது காற்று, கரைசலில் துளி இரும்பு, அப்புறம் சில கருவிகளில் அளப்பதற்கு முன் மாதிரியைச் சூடாக்கி வேதிப்பொருள் சேர்க்கும் கட்டம், இப்படி ஒவ்வொரு படியிலும் நல்ல குவானின் சில 8-ஆக்ஸோகுவானினாக மாறிக்கொண்டே வரும். அளக்கப் போகிறவரே சேதத்தை உண்டாக்கி அதையும் சேர்த்து அளந்துவிடுவார்.

1990-களில் இதனால் பெரிய குழப்பம். ஒரே வகைச் செல்லில் ஓர் ஆய்வகம் சொன்ன எண்ணுக்கும் இன்னோர் ஆய்வகம் சொன்ன எண்ணுக்கும் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம் வந்தது. ஐரோப்பிய ஆய்வகங்கள் பல சேர்ந்து, இந்தச் சேதத்தை அளக்கும் முறைகளைச் சீர்ப்படுத்தவென்றே ஒரு குழு அமைத்து, ஒரே மாதிரியை எல்லோருக்கும் அனுப்பி, யார் எண் எங்கே விலகுகிறது என்று வருஷக்கணக்கில் ஒப்பிட்டார்கள். இரும்பைப் பிடித்துவைக்கும் மருந்தைக் கரைசலில் சேர்த்தார்கள், ஃபீனாலைத் தவிர்த்தார்கள், குளிரில் வேலை செய்தார்கள். செய்யச் செய்ய எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஆரோக்கியமான மனிதரின் வெள்ளை அணுக்களில் பத்து லட்சம் குவானினுக்கு ஒன்றுக்கும் கீழே தொடங்கி நான்கைந்துக்குள், என்ற இடத்தில் வந்து நின்றது. பெருமை தேடித் தராத வேலை இது. என் கண்ணுக்கு இந்தத் துறையில் நடந்த மிக நேர்மையான வேலைகளில் இது ஒன்று, ஏனென்றால் தாங்கள் முன்பு பதிப்பித்த எண்களையே அடித்துவிட்டுத் திருத்திக்கொண்டார்கள் அவர்கள்.

நம் செல் ஒன்றில் சுமார் 260 கோடி குவானின் இருக்கிறது. பத்து லட்சத்துக்கு ஒன்று என்று வைத்தால்கூட, நீங்கள் இதைப் படிக்கிற இந்த நேரத்தில் உங்கள் ஒவ்வொரு செல்லிலும் இரண்டாயிரத்துச் சொச்சம் கெட்டுப்போன குவானின்கள் இருக்கும். 'ஆரோக்கியமாக' இருப்பவருக்கே இந்த எண். ஒருபுறம் புதிது உண்டாகிக்கொண்டும் இன்னொரு புறம் பழையது நீங்கிக்கொண்டும் இருப்பதால் எண் கூடாமல் நிற்கிறது.

நீக்காமல் விட்டால் என்ன ஆகும்? எட்டாம் இடத்து ஆக்ஸிஜன் தடித்தது, பக்கத்திலுள்ள சர்க்கரைச் சட்டத்தில் இடிக்கும். இடிப்பதால் அந்த எழுத்து சட்டென்று புரண்டு மறுபக்கத்தைக் காட்டிவிடுகிறது. புரண்ட நிலையில் அதன் முகம் தைமினைப் போல் இருக்கும். குவானினுக்கு எதிரே சைட்டோசின் வரவேண்டும் என்பது விதி, ஆனால் படியெடுக்கும் என்சைம் புரண்ட முகத்தைப் பார்த்து எதிரே அடினினைப் போட்டுவிடும். அடுத்த முறை படியெடுக்கும்போது அந்த அடினினுக்கு எதிரே தைமின் வரும். ஆக, குவானின் இருந்த இடத்தில் நிரந்தரமாகத் தைமின். இப்போது அங்கே எந்தச் சேதமும் தெரியாது, ஒழுங்கான டி.என்.ஏ.தான், சொல்தான் மாறிவிட்டது. சேதத்தைச் சரிசெய்யலாம், பிழையான படியைச் சரியானதிலிருந்து பிரித்தறிய வழியே இல்லை. அதனால் எல்லாம் அதற்கு முன்னாலேயே நடக்கவேண்டும்.

டி.என்.ஏ. ஒன்றும் கல்வெட்டு இல்லை, தண்ணீரில் கிடந்தாலே தானாகச் சிதைவது, அதனால் பழுதுபார்க்கும் ஏற்பாடு இருந்தே ஆகவேண்டும் என்று 1970-களின் தொடக்கத்தில் யோசித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த தோமஸ் லிண்டால். கெட்ட எழுத்தை மட்டும் அறுத்தெடுக்கும் முதல் என்சைமை 1974-இல் காட்டினார். 2015-இல் பால் மோட்ரிச், அஸீஸ் சங்கார் இருவரோடும் வேதியியல் நோபல் பகிர்ந்துகொண்டார். 8-ஆக்ஸோகுவானினுக்கென்று தனியாக இருக்கும் மூன்றடுக்குக் காவல் முதலில் ஈ-கோலை பாக்டீரியாவில் தெளிவானது. அதை ஒரே சித்திரமாகக் கோத்துக் காட்டியவர்கள் கலிஃபோர்னியாவில் மைக்கேல்ஸும் ஜெஃப்ரி மில்லரும், 1992-இல். மூன்றில் ஒன்றான மியூட்-டி மரபணு கெட்டால் பாக்டீரியாவில் பிறழ்வுகள் (டி.என்.ஏ. எழுத்து மாற்றங்கள்) தாறுமாறாகக் கூடும் என்பது 1954-லேயே தெரியும். ஏன் என்று தெரிந்தது ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் மாகியும் செகிகுச்சியும் 1992-இல் அதன் வேலையைக் கண்டுபிடித்தபோதுதான்.

மனிதரிடமும் இதே மூவர். முதலாமவர் ஓஜிஜி1. இது டி.என்.ஏ. மேல் வழுக்கிக்கொண்டே ஓடி, 8-ஆக்ஸோகுவானின் சைட்டோசினுக்கு எதிரே இருக்கும்போதே பிடித்து வெளியே புரட்டி அறுத்துவிடும். கோடிக்கணக்கான நல்ல குவானினுக்கு நடுவே கெட்டதை எப்படி அடையாளம் காண்கிறது என்று படிக வடிவத்தை வைத்துப் பார்த்தார்கள். எட்டாம் இடத்து ஆக்ஸிஜனைப் பார்த்துத்தான் பிடிக்கும் என்று யாரும் நினைப்போம். அது தொட்டுப் பார்ப்பது ஏழாம் இடத்து நைட்ரஜனில் புதிதாக வந்த அந்த ஒற்றை ஹைட்ரஜனை. என்சைமின் 42-ஆம் அமினோ அமிலமான கிளைசினோடு அந்த ஹைட்ரஜன் ஒரு பிணைப்புப் போடும். நல்ல குவானினில் அந்த ஹைட்ரஜன் இல்லை, பிணைப்பு விழாது, விட்டுவிட்டுப் போய்விடும். ஒரே ஒரு ஹைட்ரஜன்! இதைப் பாடம் நடத்தும் ஒவ்வொரு வருஷமும் எனக்குப் புல்லரிக்கிறது.

மூன்றாமவரை முதலில் சொல்லிவிடுகிறேன். எம்டிஎச்1 என்று பெயர், பாக்டீரியாவின் மியூட்-டி-க்கு மனித உறவு. டி.என்.ஏ.வில் கோக்கப்படுவதற்கு முன் உதிரியாக மிதக்கும் குவானின்களும் கெடும், அவற்றை உள்ளே போகவிடாமல் வாசலிலேயே செல்லாததாக்குவது இதன் வேலை.

இரண்டாமவர்தான் என் மனதுக்கு நெருக்கமானவர், மியூட்-ஒய்-எச். ஓஜிஜி1 வருவதற்குள் படியெடுப்பு நடந்து, கெட்ட குவானினுக்கு எதிரே அடினின் உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஓஜிஜி1 வந்து கெட்டதை அறுத்தால் எதிரே உள்ள அடினினைப் பார்த்துத் தைமின் வந்துவிடும், பிழை நிலைத்துவிடும். அந்த ஜோடியை ஓஜிஜி1 பெரும்பாலும் தொடாது. மியூட்-ஒய்-எச் வந்து, கெட்டுப்போன குவானினை அப்படியே விட்டுவிட்டு, எந்தப் பழுதும் இல்லாத அடினினை அறுத்தெடுக்கும். சிதிலமான மூல ஏட்டைப் பார்த்து எழுதிய படியில் பிழை இருந்தால் முதலில் படியைத் திருத்துகிற ஏடெழுதுவோரைப் போல. அடினின் போன இடத்தில் சைட்டோசின் வந்தபின், ஓஜிஜி1-க்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைக்கிறது. நல்ல எழுத்தை அறுக்கத் துணியும் ஓர் என்சைமுக்குக் கட்டுப்பாடு வேண்டாமா? வேண்டும். எதிரே இருப்பது உண்மையிலேயே 8-ஆக்ஸோகுவானின்தானா என்று உறுதி செய்துகொள்ள, அதன் 165-ஆம் இடத்து அமினோ அமிலமான டைரோசின் டி.என்.ஏ. எழுத்துகளுக்கு நடுவே நுழைந்து துழாவிப் பார்க்கிறது. இன்னொரு விஷயம், இந்த என்சைமின் உடம்புக்குள் நான்கு இரும்பணுக்கள் கந்தகத்தோடு கட்டிப் போடப்பட்டிருக்கின்றன. தாக்குதலைத் தொடங்கிவைக்கும் அதே உலோகம், பூட்டிய நிலையில், பழுதுபார்ப்பவரிடம்.

இந்த மூவரில் ஒருவர் இல்லாவிட்டால் மனிதருக்கு என்ன ஆகும் என்பது வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் தெரிந்தது. ஒரு குடும்பம். கூடப்பிறந்தவர்களில் மூன்று பேருக்குப் பெருங்குடலில் ஏராளமான பாலிப்கள் (உள்தோலில் முளைக்கும் சிறு கட்டிகள்), புற்றுநோயும் இருந்தது. இப்படிப் பாலிப் வரும் குடும்பங்களில் வழக்கமாக ஏபிசி என்ற மரபணு, குடலில் கட்டி முளைக்காமல் தடுப்பது, பிறப்பிலேயே கெட்டிருக்கும். இவர்களிடம் ஏபிசி பிறவியில் சரியாக இருந்தது. வேறு யாராயிருந்தாலும் ஃபைலை மூடியிருப்பார்கள். இந்த ஆராய்ச்சியாளர்கள் அந்த மூவரின் 11 கட்டிகளை எடுத்து, கட்டிக்குள் ஏபிசி எப்படிக் கெட்டிருக்கிறது என்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்கள். 18 பிறழ்வுகள் கிடைத்தன. அவற்றில் 15 ஒரே மாதிரி: குவானின் இருந்த இடத்தில் தைமின். மற்றவர்களின் பெருங்குடல் கட்டிகளில் இந்த வகை இவ்வளவு விகிதத்தில் வராது. பாக்டீரியா இலக்கியத்தைப் படித்தவர்களுக்கு அந்தக் கையெழுத்து உடனே தெரியும், அது 8-ஆக்ஸோகுவானினின் கையெழுத்து. நேராக மியூட்-ஒய்-எச் மரபணுவைப் பார்த்தார்கள். அம்மாவிடமிருந்து வந்த பிரதியிலும் பிழை, அப்பாவிடமிருந்து வந்த பிரதியிலும் பிழை. ஒன்றில், துழாவிப் பார்க்கும் அந்த 165-ஆம் டைரோசின் போய் சிஸ்டீன் வந்திருந்தது. 2002-இல் இது வெளியானது. சேதத்தைப் பழுதுபார்க்கும் இந்த வழியில் பிறவிக் குறை இருந்தால் மனிதருக்குப் புற்றுநோய் வரும் என்று முதன்முதலாகத் தெரிந்தது அப்போதுதான்.

ஏன் குடலில், ஏன் ஏபிசியில்? குடலின் உள்தோல் ஓயாமல் புதுப்பிக்கப்படுவது, படியெடுப்பு அதிகம், படியெடுக்கும்போதுதான் பிழை நிலைக்கிறது என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஏபிசி விஷயத்தில் இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். குவானின்-அடினின்-அடினின் என்ற மூன்றெழுத்து ஓர் அமினோ அமிலத்துக்கான சொல். அதன் முதல் எழுத்து தைமினானால் தைமின்-அடினின்-அடினின், அது 'இங்கே நிறுத்து' என்று பொருள்படும் சொல். அந்தக் கட்டிகளில் இந்த மாற்றம்தான் மறுபடி மறுபடி நடந்திருந்தது. எட்டாம் இடத்தில் வந்து உட்கார்ந்த ஓர் ஆக்ஸிஜன், அதைத் திருத்த வேண்டியவர் வரவில்லை, ஒரு புரதம் பாதியில் நின்றுவிடுகிறது, ஒரு பாலிப் முளைக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கே இது வெறும் அறிவியல் செய்தியாக நின்றுவிடக்கூடாது. இந்த நோய் இரண்டு பிரதியும் கெட்டால்தான் வரும். அப்பா, அம்மா இருவரும் ஆளுக்கொரு கெட்ட பிரதியை வைத்துக்கொண்டு பெரும்பாலும் நன்றாகவே இருப்பார்கள். பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அதனால் "எங்க வம்சத்துலயே யாருக்கும் இல்லையே டாக்டர்" என்று சொல்லும் குடும்பத்தில் அண்ணன் தங்கை இருவருக்கு மட்டும் வந்து நிற்கும். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. ஒரே தாத்தாவிடமிருந்து வந்த ஒரே கெட்ட பிரதி இரு பக்கமும் வந்து சேர அது வழி செய்கிறது. இந்த நோய் மட்டுமல்ல, இப்படி இரு பிரதியும் கெட்டால் வரும் எல்லா நோய்க்கும் இது பொருந்தும்.

கேன்சருக்கு மாத்திரை பற்றி என்னிடம் கேட்கிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது, கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது ஐம்பது வயதுக்குள் பெருங்குடலில் பாலிப் என்று சொல்லியிருக்கிறார்களா, எத்தனை என்று எழுதியிருக்கிறார்களா, என்று. ஒன்றிரண்டு பாலிப் பலருக்கும் வரும், பயப்பட வேண்டாம். பத்து, இருபது, அதற்கு மேல் என்றால், அதிலும் கூடப்பிறந்த இன்னொருவருக்கும் அப்படி என்றால், குடல் டாக்டரிடம் மரபணுச் சோதனை பற்றி வாய்விட்டுக் கேளுங்கள். ஏபிசி மட்டும் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டாம், மியூட்-ஒய்-எச்-சும் பார்த்தீர்களா என்று கேளுங்கள். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கார்டிஃப் குடும்பத்தில் கிடைத்த அந்த இரண்டு பிழைகள்தான் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படுபவை, சில சோதனைகள் அந்த இரண்டை மட்டுமே தேடும். பிரிட்டனில் வாழும் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பங்களில் இதே மரபணுவில் வேறு இடங்களில் பிழை இருப்பது தெரிந்திருக்கிறது. ஆகவே மரபணு முழுவதையும் படிக்கும் சோதனையாகச் செய்யச் சொல்லுங்கள். இரண்டு பிரதியும் கெட்டிருப்பது உறுதியானால் இளம் வயதிலிருந்தே ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி (குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) செய்து, பாலிப்களை அவை புற்றாக மாறும் முன்பே அப்போதைக்கப்போது எடுத்துவிடலாம். கூடப்பிறந்த மற்றவர்களையும், அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், கட்டாயம் சோதிக்க வேண்டும்.